நூற்று நாலு கிலோ

வள்ளியூர் வாழைமண்டித் தராசில்
ஒருநாள் தாரை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார்கள்.
நூற்றாறு.
காம்புக்கு ரெண்டு கழித்து
நூற்று நாலு என்றார் மண்டிக்காரர்,
பழக்கதோஷம்.

பாளையங்கோட்டையில் மாவட்டக் குத்துச்சண்டை.
நாற்பத்தெட்டு கிலோவுக்குப் பத்தொன்பது பையன்கள்,
விளக்குப் போட்டும் முடியவில்லை.
என் எடைக்கு நான்.
நீல மூலையை மூன்று தரம் மைக்கில் கூப்பிட்டார்கள்.
ஒரு நாய் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
என் கையைத் தூக்கினார்கள்.

நாலு வருஷம், நாலு தங்கம்.
ஒருத்தன் மூக்கையும் நான் தொட்டதில்லை.

பணகுடிப் பக்கம் காற்றாலையில் வேலை.
எண்பது மீட்டர் ஏணி.
ஆனி ஆடியில் காற்று என்னோடு மல்லுக்கு நிற்கும்.
அது ஒன்றுதான் இந்த ஊரில்
என் எடைக்குச் சேர்ந்தது.

"அரியானாவுல பொறந்திருந்தா
தெருவுக்கு மூணு பேர் கெடைப்பான்வ உனக்கு"
என்றார் பால்துரை.
திசையன்விளைக்காரர், தாராவியில் இருப்பு.
முன்பு கல்யாணத் தரகு, இப்போது சண்டைத் தரகு.
"ரெண்டும் ஒண்ணுதாம்ல.
உயரம் பாக்கணும், வயசு பாக்கணும்,
எந்த வீட்டுல வச்சு நடத்துறதுன்னு பேசணும்.
என்ன, இதுல ஒரு வீட்டாருக்கு
முடிவு முன்னாலேயே தெரியும்."

புதன் ராத்திரி போன் வரும்.
சனிக்கிழமை சண்டை.
நிச்சயம் பண்ணினவனுக்குக் காய்ச்சலாம்.
முன்பதிவில்லாத பெட்டியில் முப்பது மணி நேரம்
கக்கூஸ் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்று
இறங்கும்போது என் பாதம் எனக்கே பெரிது.
தானே. குர்கான். மறுபடியும் தானே.
பூனாவில் ஒருத்தனை ரெண்டு தரம் விழத் தட்டினேன்.
ஒன்று சறுக்கல் என்றார்கள்.
மற்றது தள்ளல்.
மூன்று நடுவரும் அந்த ஊர்த் தண்ணீர் குடித்தவர்கள்.

ஆறு தோல்வி. ஒரு வெற்றி.
ஒன்று சமம்; அதற்குப் பால்துரை
என்னிடம் மன்னிப்புக் கேட்டார்,
ஏனென்று இன்றுவரை தெரியாது.

போன மாசியில் அவரே ஊருக்கு வந்து
வண்ணார்பேட்டையில் கல்யாண மண்டபம் பிடித்தார்.
மணமேடையைப் பிரித்து வளையம் கட்டினார்கள்.
வாசலில் காலை முகூர்த்தத்து வாழைமரம்
அப்படியே நின்றது.
போஸ்டரில் நான், "பணகுடிப் புயல்."
கீழே பொடி எழுத்தில்
எட்வின் டோப்போ, ரூர்கேலா.

சமையற்கட்டுப் பக்கம் அவனைப் பார்த்தேன்.
ரெண்டு ரயில், மூன்று பகல்.
ஷூவுக்குள் கால் போகாமல்
நாடாவை முழுக்க உருவிக்கொண்டிருந்தான்.
வெந்நீர் எங்கே கிடைக்கும் என்று
சைகையில் கேட்டான்.
நான் காட்டினேன்.
அந்தக் காலை எனக்குத் தெரியும்.

ரெண்டாம் சுற்று.
எங்கிருந்தோ ஒரு வலக்கை வந்தது.
சாமியானா, டியூப்லைட், பிறகு என் முழங்கால்.
காதுக்குள் நாதஸ்வரம் மாதிரி ஒன்று.

"சறுக்கல்" என்றார் நடுவர்,
தரையைத் துணியால் துடைக்கச் சொன்னார்.
தரை காய்ந்துதான் கிடந்தது.

மூன்று தாளிலும் நான் ஜெயித்திருந்தேன்.
மூன்று பேரும் தாமிரபரணி.
பணகுடியிலிருந்து வேன் பிடித்து வந்த சனம்
என்னைத் தூக்கப் பார்த்து, முடியாமல்,
கையை மட்டும் தூக்கியது.

ராத்திரி பைக்கில் ஜங்ஷனில் விட்டேன் அவனை.
பின் டயர் பாதி உட்கார்ந்துவிட்டது.
அல்வா கால் கிலோ வாங்கிக் கொடுத்தேன்.
சூட்டோடு பிரித்துத் தின்றான்.
என் இடது காதைக் காட்டி
நன்றாக இருக்கிறதா என்று
கட்டை விரலை ஆட்டினான்.
நான் சிரித்தேன், அவனும்.
சறுக்கல் என்ற சொல்லை
எங்கள் இருவர் பாஷையிலும் யாரும் பேசவில்லை.

அடுத்த புதன்.
கோபுர உச்சியில் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருக்கிறேன்,
இடுப்புக் கயிற்றில் போன் அதிர்கிறது.
"ஏலே, ரூர்கேலாவுல ஒரு சண்டை.
அதே டோப்போதான்.
அவன் ஊரு, அவன் சனம். போறியா?"

கீழே வெள்ளாடுகள் எறும்பாய்.
றெக்கை என்னைத் தாண்டி ஒரு சுற்றுப் போனது.

அங்கே என்ன ஆறு அண்ணாச்சி
என்று கேட்டேன்.